புல்மனுக்கு இனி யார் வருவார்கள்?

கேள்வி: சியாட்டிலுக்குப் பக்கத்தில் பாத்தெல் என்ற ஊரில் இருபது வருடமாக இருக்கிறோம். மூத்தவன் புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டில் படித்தவன். அவனைப் பார்க்கப் போய்வந்ததில் அந்த ஊர் சனிக்கிழமை ஆட்டங்கள் எனக்கும் பிடித்துப்போயின. இளையவள் பதினோராம் வகுப்பு. வாலிபால் நன்றாக ஆடுகிறாள். இரண்டு மூன்று கல்லூரிப் பயிற்சியாளர்கள் விசாரித்திருக்கிறார்கள். இந்த நேரம் பார்த்து, எந்தக் கல்லூரி எந்தக் கான்ஃபரன்ஸில் இருக்கிறது என்றே பிடிபடவில்லை. சியாட்டில் கல்லூரி நியூ ஜெர்சிக்குப் போய் லீக் ஆட்டம் ஆடுகிறது. ஏன் இப்படி ஆயிற்று? அடுத்து யார் எங்கே போவார்கள்? மகளுக்குக் கல்லூரி பார்க்கும்போது இதையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டுமா? கடைசியாக, மூத்தவன் கேட்கச் சொன்னது: வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மோதும் ஆப்பிள் கப் தொடர்ந்து நடக்குமா?
- ஒரு வாசகர், பாத்தெல், வாஷிங்டன் மாநிலம்

பதில்: மூத்தவர் கேட்டதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்லூரிகள் கான்ஃபரன்ஸ் மாறுவது அமெரிக்கன் ஃபுட்பால் என்ற ஒரே ஆட்டத்துக்காக. அந்த மாற்றத்துக்காக அலைவதோ வாலிபால், சாஃப்ட்பால், டென்னிஸ் ஆடும் பிள்ளைகள். ஃபுட்பால் அணிக்கு வாரம் ஓர் ஆட்டம்தான். ஒரு பருவத்தில் ஐந்தாறு முறை வெளியூர் போனால் அதிகம். வாலிபால் அணி பெரும்பாலும் வாரம் இரண்டு ஆட்டம் ஆடும். உங்கள் மகளை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

கான்ஃபரன்ஸ் என்பது அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சேர்ந்து, அட்டவணை போட்டு, தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கூட்டு. பின்னாளில் பேக்-12 என்று பெயர் பெற்ற பசிபிக் கரையின் கூட்டு 1915-ல் போர்ட்லண்டில் நான்கு கல்லூரிகளோடு தொடங்கியது: பெர்க்லி, வாஷிங்டன், ஓரிகன், பிறகு ஓரிகன் ஸ்டேட் என்று பெயர் மாறிய வேளாண் கல்லூரி. இரண்டு வருடத்தில் வாஷிங்டன் ஸ்டேட்டும் வந்து சேர்ந்தது. ரயிலில் போய் ஆடிவிட்டு ரயிலிலேயே திரும்பிய காலம் அது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்த ஆட்டத்தின் அளவு தெரிய ஒரு கணக்கு: மிச்சிகன் பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். கல்லூரிப் பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்க அத்தனை இருக்கைகள்.

இந்தக் கூட்டுகளுக்குள் பெரும் பணம் புகுந்த நாளைத் தேதியோடு சொல்லலாம். 1984 ஜூன் 27. அதுவரை எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்புதான் தீர்மானித்தது. ஒரு கல்லூரி இரண்டு பருவத்தில் ஆறு முறைக்கு மேல் திரையில் வர முடியாது. ஒக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், இது போட்டியை முடக்கும் ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது. மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி பைரன் ஒயிட், கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு ஃபுட்பால் ஆடிப் பெயர் வாங்கியவர். விளையாட்டைப் படிப்பின் ஒரு பகுதியாகவே வைத்திருக்க இந்தக் கட்டுப்பாடு உதவுகிறது என்பது அவர் பார்வை. சட்டப்படி பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் பின்விளைவை முன்கூட்டிப் பார்த்தவர் ஒயிட்தான் என்று நான் நினைக்கிறேன். அவர் படித்த கொலராடோவே பிக் 12 கான்ஃபரன்ஸை விட்டு 2011-ல் பேக்-12-க்குப் போய், 2024-ல் பழைய இடத்துக்கே திரும்பியிருக்கிறது.

தீர்ப்புக்குப் பிறகு கான்ஃபரன்ஸ் என்பது டிவி உரிமையை மொத்தமாக விற்கும் வியாபாரக் கூட்டாகவும் ஆனது. நியூ ஜெர்சியில் இருக்கும் ரட்கர்ஸ் ஏன் பிக் டென் கான்ஃபரன்ஸில் இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். ஃபுட்பாலில் அது பெரிய அணி ஒன்றுமில்லை. பிக் டென் 2007-ல் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியது. ஒரு மாநிலத்தில் உறுப்பினர் கல்லூரி இருந்தால் அங்குள்ள கேபிள் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் கூடுதல் கட்டணம் கேட்கலாம். ரட்கர்ஸ் வந்தால் நியூயார்க் சுற்றுவட்டாரம், மேரிலாண்ட் வந்தால் தலைநகர் வாஷிங்டன் வட்டாரம். 2014-ல் இரண்டையும் சேர்த்தது அந்தக் கேபிள் இணைப்புகளுக்காக. இன்று கேபிளைத் துண்டிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதனால் இப்போது மாநிலத்தை வைத்து மட்டும் விலை பேசுவதில்லை. நாடு முழுக்க எத்தனை பேர் ஓர் ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்பதற்குத்தான் விலை. அடுத்து யார் நகர்வார்கள் என்பதை ஊகிக்க இந்த மாற்றம் முக்கியம். கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

உங்கள் கரையில் நடந்ததற்கு வருகிறேன். 2021 ஜூலையில் டெக்சஸும் ஒக்லஹோமாவும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸுக்குப் போவதாக அறிவித்தன. பதிலடி போல 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பல்கலைக்கழகங்கள், யூ.எஸ்.சி.யும் யூ.சி.எல்.ஏ.வும், பிக் டென்னுக்குப் போவதாகச் சொல்லிவிட்டன. பேக்-12-ல் மிச்சமிருந்த பத்துப் பேருக்குக் கையில் நல்ல டிவி ஒப்பந்தம் இல்லை. ஒரு வருடம் பேச்சுவார்த்தையிலேயே போனது. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆப்பிள் நிறுவனத்தின் ஒப்பந்தம் முன்னால் வைக்கப்பட்டது: கல்லூரிக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்குச் சற்று மேல், சந்தாதாரர் கூடக் கூட அதிகம். பிக் டென் உறுப்பினர்கள் அப்போதே ஆளுக்கு ஆறு கோடியை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 4, வெள்ளிக்கிழமை. ஒன்பது பல்கலைக்கழகங்களும் காலையில் கூடிக் கையெழுத்திடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். அன்றே வாஷிங்டனும் ஓரிகனும் பிக் டென் என்றன. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்றன. ஒரே நாளில் ஐந்து. நூற்றியெட்டு வருடக் கூட்டில் பொழுது சாயும்போது நான்கு பேர் மட்டும் நின்றார்கள்.

வாஷிங்டனும் ஓரிகனும் முழுப் பங்குக்கா போயின? இல்லை. ஆளுக்கு மூன்று கோடி டாலரில் தொடக்கம், வருடத்துக்குப் பத்து லட்சம் உயர்வு. ஏறக்குறைய பாதிப் பங்கு. மிச்சம் நின்ற நால்வரில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் பசிபிக் கரையில் இருந்துகொண்டே அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய ஏ.சி.சி.யில் சேர்ந்தன, அங்கே முதல் ஏழு வருடம் முப்பது சதவீதப் பங்குதான். அவற்றோடு சேர்ந்த டல்லஸின் எஸ்.எம்.யூ. ஒன்பது வருடத்துக்கு டிவி பணமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது. வெளியே நின்றுவிடுவோமோ என்ற பயம் எவ்வளவு பெரியது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் புல்மனுக்குப் போனேன். ஸ்பொகேனில் இறங்கித் தெற்கே காரில் போனால் வழி நெடுகக் கோதுமை மேடுகள். அறுவடை முடிந்து வைக்கோல் நிறத்தில் அலை அலையாகக் கிடக்கும். சியாட்டிலில் இருந்து சாலை வழியாக 460 கிலோமீட்டர், சென்னையில் இருந்து மதுரை தூரம். நான் தங்கிய விடுதியின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்தப் பருவத்தின் உள்ளூர் ஆட்டங்கள் அச்சிட்ட ஒரு தாள் இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பேனாவால் ஓர் அறை வாடகை எழுதியிருந்தது. பெரிய அணி ஊருக்கு வந்தால் ஒரு விலை, சிறிய அணி வந்தால் ஒரு விலை. சாதாரண நாள் வாடகையைப் போல மூன்று மடங்கு, நான்கு மடங்கு. வருடத்தில் ஆறேழு சனிக்கிழமைகள்தான் அந்த விடுதியையும் எதிர்ச்சாரி உணவகத்தையும் நடத்துகின்றன. அந்தத் தாளைப் பார்த்தபோதுதான், அடுத்த வருடத் தாளில் எந்தப் பெயர் இருக்கும், பேனாவால் எவ்வளவு எழுதுவார்கள் என்ற கவலை எனக்கும் தொற்றிக்கொண்டது. உங்கள் மூத்தவருக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும்.

ஆனாலும் கடைசியில் தனித்து நின்ற ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் ஒடுங்கிவிடவில்லை. கிளம்புகிறவர்களுக்குக் கூட்டின் பணத்திலும் முடிவுகளிலும் உரிமை இல்லை என்று விட்மன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 நவம்பரில் இடைக்கால உத்தரவு அவர்கள் பக்கம் வந்தது. அந்த உரிமையை வைத்துக்கொண்டு புதிய வீடு கட்டினார்கள். 2026 ஜூலை 1-ல் பேக்-12-ல் சேர்வதாகப் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சஸ் ஸ்டேட் ஆகியவை ஒப்புக்கொண்டன. ஃபுட்பால் இல்லாத கொன்சாகாவும் வருகிறது. எட்டு ஃபுட்பால் அணி இருந்தால்தான் மேல்நிலைக் கான்ஃபரன்ஸ் என்ற விதிக்குச் சரியாக எட்டு. டெக்சஸ் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மேற்கு. பணம் பழைய அளவுக்கு வராது. பிள்ளைகள் நேரத்துக்கு வீடு திரும்புவார்கள்.

இனி அடுத்து யார் என்ற கேள்வி. வதந்திகளை விட்டுவிட்டு ஒப்பந்தங்கள் முடியும் வருடத்தைப் பாருங்கள். பிக் டென்னின் ஒப்பந்தம் 2030-ல் முடிகிறது. பிக் 12-க்கு 2031. எஸ்.இ.சி.க்கு 2034. ஏ.சி.சி.க்கு இ.எஸ்.பி.என். ஒப்பந்தம் 2036 வரை. உறுப்பினர்கள் தங்கள் ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையை அதுவரை கூட்டுக்கே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விட்டுப் போனாலும் ஆட்டத்தை விற்கும் உரிமை கூட்டிடமே தங்கும் என்பதுதான் ஏ.சி.சி.யைக் கட்டிப்போட்டிருந்த கயிறு. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரிலும் க்ளெம்சன் 2024 மார்ச்சிலும் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் சமரசம். டிவியில் அதிகம் பார்க்கப்படும் அணிக்கு அதிகப் பங்கு. விலகும் கட்டணம் வருடா வருடம் குறைந்து 2030-31-ல் ஏழரைக் கோடி டாலருக்கு இறங்கும். அதைக் கட்டினால் உரிமையும் கையோடு வரும். கயிற்றை அறுக்கும் தேதியை இரு தரப்புமே எழுதி வைத்துவிட்டார்கள். பிக் டென் ஒப்பந்தம் முடிவதும் ஏ.சி.சி. கதவு மலிவாவதும் ஒரே நேரம். ஆகவே 2028, 2029 வாக்கில் அறிவிப்புகள் வரத் தொடங்கும் என்பது என் கணிப்பு.

முதலில் கேட்கும் பெயர்கள் ஃப்ளோரிடா ஸ்டேட், க்ளெம்சன். இரண்டையும் விட நார்த் கரோலினா, வர்ஜீனியா பல்கலைக்கழகங்களுக்கு வரவேற்பு அதிகம் இருக்கும் என்று நான் நினைக்கிறேன். எஸ்.இ.சி.க்கு ஏற்கெனவே ஃப்ளோரிடாவிலும் சவுத் கரோலினாவிலும் ஓர் அணி உண்டு. நார்த் கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் எஸ்.இ.சி.க்கும் ஆள் இல்லை, பிக் டென்னுக்கும் இல்லை. பிக் டென் இன்னொன்றும் பார்க்கும். ஏ.ஏ.யூ. என்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பில் இடம் இருக்கிறதா என்று பிக் டென் பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் கேட்பார்கள். நார்த் கரோலினாவும் வர்ஜீனியாவும் அதில் பழைய உறுப்பினர்கள். மயாமியும் நோட்டர் டேமும் 2023-ல் சேர்க்கப்பட்டவை. ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் அதில் இல்லை. ஆனால் முன்பு சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: இப்போது விலை பார்வையாளருக்கு. அந்தக் கணக்கில் ஃப்ளோரிடா ஸ்டேட்டும் க்ளெம்சனும் பலசாலிகள். அதனால் அவற்றுக்கும் கதவு மூடியிருக்கிறது என்று சொல்ல மாட்டேன்.

மாநில அரசியலும் குறுக்கே வரும். 2003-ல் ஏ.சி.சி. விரிவடைந்தபோது வர்ஜீனியா டெக்கையும் சேர்க்க வேண்டும் என்று ஆளுநர் மார்க் வார்னர் அழுத்தம் கொடுத்தார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஓட்டு தேவைப்பட்டதால் அது நடந்தது. கலிஃபோர்னியாவில் யூ.சி.எல்.ஏ. போனதால் நஷ்டப்பட்ட பெர்க்லிக்கு ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் கொடுக்கும்படி இரண்டுக்கும் பொதுவான ஆட்சிக் குழுவே சொல்லிவிட்டது. நார்த் கரோலினா கிளம்பினால் நார்த் கரோலினா ஸ்டேட்டின் கதி என்ன என்று ராலி சட்டமன்றத்தில் கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

நோட்டர் டேம்? ஃபுட்பாலில் தனியாக நிற்கிறது, என்.பி.சி.யோடு சொந்த ஒப்பந்தம் வைத்திருக்கிறது, மற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை ஏ.சி.சி.யில் ஆடுகிறது. சாம்பியன்ஷிப்புக்கு வழி திறந்திருக்கும் வரை அது எங்கும் சேராது.

இந்த நோட்டர் டேம் ஏற்பாட்டைத்தான் எல்லாரும் பின்பற்ற வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன். ஃபுட்பாலுக்குத் தனிக் கூட்டு, மற்ற ஆட்டங்களுக்குப் பக்கத்து ஊர்க் கூட்டு. முடியாத காரியம் இல்லை. வாஷிங்டன் ஸ்டேட்டும் ஓரிகன் ஸ்டேட்டும் 2024-ல் இருந்து இரண்டு வருடம் பெண்கள் வாலிபால், கூடைப்பந்து போன்றவற்றை மேற்குக் கரைக் கல்லூரிகளோடு வேறொரு கான்ஃபரன்ஸில்தானே ஆடின? நெருக்கடியில் முடிந்தது நிதானமாக யோசித்தால் முடியாதா?

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஓர் அக்டோபர் ஞாயிறு இரவு சியாட்டில் விமான நிலையத்தில் பெட்டிக்காகக் காத்திருந்தேன். கிழக்கே இருந்து வந்த விமானத்தில் ஒரு கல்லூரிப் பெண்கள் அணியும் இறங்கியது. எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஒரு பெண் முழங்காலில் ஐஸ் பையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டியபடி, பெட்டிகள் சுற்றி வரும் பட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் லேப்டாப். இரவு 11.59-க்குள் வீட்டுப்பாடத்தைப் பதிவேற்ற வேண்டும், மணி 11.40. விமான நிலைய வைஃபை விட்டு விட்டு வந்தது. தோழி தன் போனில் இருந்து இணைப்பு கொடுத்தாள். அவள் பெட்டி இரண்டு சுற்று சுற்றிவிட்டது. யாரோ எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்கள். சியாட்டிலுக்கும் நியூ ஜெர்சிக்கும் வான்வழியே ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். டிவி ஒப்பந்தம் பேசும் அறையில் அந்தப் பெண்ணுக்காகப் பேச ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். கான்ஃபரன்ஸின் பெயரை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவள் நான்கு வருடம் படித்து முடிப்பதற்குள் அந்தப் பெயரே மாறக்கூடும். ஆடாவிட்டாலும் அங்கே படிக்க விருப்பமா என்பதை அவளிடம் முதலில் கேளுங்கள். பயிற்சியாளரிடம் போன வருடப் பயண அட்டவணையை வாங்கி, எந்தெந்தக் கிழமை கிளம்பினார்கள், எத்தனை வகுப்பு தவறியது, ஆய்வகத் தேர்வைத் தவறவிட்டால் மறுபடி எழுத விடுகிறார்களா என்று பாருங்கள். பொறியியலோ உயிரியலோ எடுப்பதாக இருந்தால், அதே பாடம் எடுத்த ஆட்டக்காரப் பெண் ஒருத்தியோடு அவளைத் தனியாகப் பேச விடுங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல்.

பணத்திலும் ஒரு மாற்றம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற, ஆட்டக்காரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசப்படி, கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகச் சம்பளம் போலப் பணம் தரலாம். 2025-26-ல் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். அதில் பெரும் பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது. சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு போய், அணியில் எத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பெண்கள் வாலிபாலுக்கு முன்பு 12 உதவித்தொகை. இப்போது அணி அளவு 18, கல்லூரி விரும்பினால் 18 பேருக்கும் தரலாம். விரும்பினால் என்பதைக் கவனியுங்கள். எத்தனை பேருக்குத் தருகிறார்கள், நான்கு வருடமும் உறுதியா என்று எழுத்தில் கேளுங்கள். செலவைக் குறைக்கச் சில கல்லூரிகள் டென்னிஸ், நீச்சல் அணிகளையே நிறுத்தியிருக்கின்றன. பெண்கள் வாலிபாலுக்கு இப்போது கூட்டம் நன்றாக வருகிறது, அதனால் அந்த ஆபத்து உங்கள் மகளுக்குக் குறைவு.

கடைசியாக ஆப்பிள் கப். நடக்கும். 2028 வரை ஆட இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நன்றி சொல்லும் நாள் வாரத்தில், குளிரில் நடந்த ஆட்டம் இப்போது செப்டம்பருக்கு வந்துவிட்டது. வேறு வேறு கான்ஃபரன்ஸாகப் பிரிந்த பிறகு மோதிய முதல் ஆட்டம் 2024 செப்டம்பர் 14-ல் சியாட்டிலில் நடந்தது. கைவிடப்பட்ட வாஷிங்டன் ஸ்டேட் 24-19 என்று ஜெயித்தது. மூத்தவர் அன்று அரங்கத்தில் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். புல்மனில் அடுத்து எப்போது என்று பார்த்து, விடுதி அறையை இப்போதே சொல்லி வையுங்கள்.